மலைநாட்டுப் பத்திரங்கள்: நகல் தேடும் வாசகர்களுக்குப் பதில்கள்

பத்திர நகல் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

அப்பா 1968 வாக்கில் நெடுகுளா கிராமத்தில் ஒரு ஏக்கர் சொச்சம் தேயிலை நிலம் கிரயம் வாங்கினார். அவர் இப்போது இல்லை. வீடு மாறியதில் அசல் பத்திரம் தொலைந்துவிட்டது. கையில் பட்டா மட்டும்தான் இருக்கிறது. ஆன்லைனில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. நகல் எடுக்க முடியுமா?
— கோத்தகிரி வாசகர்

முடியும். ஆனால் நீங்கள் தொடங்கிய இடம் சரியில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கொடுப்பவருக்கு உங்கள் தோட்டமும் தெரியாது, பட்டா எண்ணும் தெரியாது. அவருக்குத் தேவை ஆவண எண், ஆண்டு, புத்தகம் (எந்த வகைப் பதிவேடு என்பது) ஆகிய மூன்றும்தான். பழைய பத்திரம் எதையாவது கடைசிப் பக்கம் திருப்பிப் பாருங்கள். ‘1 புஸ்தகம் 214 வால்யூம் 311 முதல் 314 பக்கங்களில் 1968-ஆம் வருடத்திய 742 நம்பராகப் பதிவு செய்யப்பட்டது’ என்ற பாணியில் ஒரு வரி, முத்திரையோடு இருக்கும். இந்த வரி கையில் இருந்தால் நகல் வாங்குவது மிகச் சின்ன வேலை. இல்லாதபோது இந்த வரியைத் தேடி எடுப்பதுதான் மொத்த வேலையும்.

முதலில் வீட்டிலேயே தேடுங்கள். அசல் தொலைந்தாலும் அதன் எண் வேறெங்காவது எழுதப்பட்டிருக்கும். கூட்டுறவு வங்கியில் எப்போதோ பயிர்க்கடன் வாங்கிய அடமானக் காகிதம், அப்பா தம்பிக்குக் கொஞ்சம் எழுதிக்கொடுத்த தான செட்டில்மென்ட், வழக்கறிஞர் கொடுத்த பழைய சட்டக் கருத்துரை என்று எல்லாவற்றையும் பாருங்கள். அதே நிலத்தின் ஒரு துண்டு பின்னாளில் கைமாறியிருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பதிவுக்கான வில்லங்கச் சான்றில் தொகுதி எண், பக்க எண், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு ஆகியவற்றோடு ‘முன் ஆவண எண்’ என்று ஓர் இடம் இருக்கிறது. பலர் அதைப் படிப்பதே இல்லை. அங்கே 742/1968 என்று இருந்தால் உங்கள் தேடல் முடிந்தது.

அதுவும் இல்லையென்றால் புல எண் வழியாகப் போக வேண்டும். ஆன்லைனில் வெறுமையாக வந்ததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கணினியில் ஏற்றப்பட்ட விவரங்கள் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகுதான் கிடைக்கும். 1968 பெரும்பாலும் அதற்கு முந்தியது. இது ஒன்று. மற்றது, நீங்கள் போட்ட புல எண்ணே 1968-ல் பிறந்திருக்காது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஜனங்கள் வாயில் யூ.டி.ஆர்., பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. உட்பிரிவுகளும் ஏராளமாக மாறின. உங்கள் பட்டாவில் 412/3பி என்றும் 0.48.5 ஹெக்டேர் என்றும் இருக்கும். பத்திரத்தில் அதே நிலம் பழைய சர்வே 187, விஸ்தீர்ணம் 1 ஏக்கர் 20 சென்ட் என்று இருக்கும். ஒரு ஏக்கர் என்பது 0.4047 ஹெக்டேர், பெருக்கிப் பாருங்கள், ஒத்துப்போகும். அதனால் வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டின் (கிராமத்து நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் பதிவேடு) நகல் வாங்கி, அதில் பழைய புல எண் என்ற பத்தியைப் பாருங்கள். அது எழுதப்படாமல் விடப்பட்டிருந்தால், பழைய எண் – புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலைக் கேளுங்கள்.

இனி சார்பதிவாளர் அலுவலகம். படிவம் 22-ல் வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். கணினிக்கு முந்திய காலத்துக்கு அலுவலகத்தில்தான் கைத்தேடல். விண்ணப்பத்தில் பழைய புல எண், புதிய எண், விஸ்தீர்ணம் ஏக்கரிலும் ஹெக்டேரிலும், நான்கு எல்லைகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். கிராமத்தின் பெயரில் நீலகிரியில் அடிக்கடி வழுக்கும்: நாம் சொல்வது ஹட்டியின் (படகர் குடியிருப்பின்) பெயர், பதிவேட்டில் இருப்பது வருவாய்க் கிராமத்தின் பெயர். ஹட்டியின் பெயரில் தேடினால், பதிவு எதுவும் இல்லை என்ற சூன்யச் சான்றுதான் வரும். காலம் 1.1.1966 முதல் 31.12.1970 வரை என்று ஐந்தாண்டு கேளுங்கள். தேடுதல் கட்டணம் ஆண்டுக்கணக்கில் ஏறும் என்பதால் எடுத்த எடுப்பில் ஐம்பது ஆண்டு கேட்க வேண்டாம், கிடைக்காவிட்டால் அகலப்படுத்திக்கொள்ளலாம்.

சொத்து வழித் தேடலில் சிக்கவில்லையென்றால் பெயர் அட்டவணை இருக்கிறது. சொத்து அட்டவணை வேறு, பெயர் அட்டவணை வேறு. இரண்டிலும் தேடச் சொல்லலாம். அப்பாவின் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள், விற்றவர் பெயரும் வேண்டும். பழைய அட்டவணையில் இன்ஷியலுக்கு இடமில்லை. ‘பெள்ளி மகன் போஜன்’ என்று தகப்பன் பெயரோடு இருக்கும். ஆங்கிலத்தில் எழுதிய அட்டவணையாக இருந்தால் ஒரே போஜனுக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கும், எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆண்டிலும் ஒரு சறுக்கல் உண்டு. பத்திரம் எழுதிய தேதியும் பதிவான தேதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எழுதியதிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. 1967 டிசம்பரில் எழுதியது 1968-ன் எண்ணில் உட்கார்ந்திருக்கும். எண் வரிசை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஒன்றிலிருந்து தொடங்கும். அதுவும் புத்தகத்துக்குப் புத்தகம் தனித்தனி. ஆகவே 742/1968 என்ற எண்ணில் 1-ம் புத்தகத்தில் ஒரு கிரயமும் 4-ம் புத்தகத்தில் யாரோ ஒருவரின் பவர் பத்திரமும் இருக்க முடியும். நகல் விண்ணப்பத்தில் ‘புத்தகம் 1’ என்று எழுத மறக்காதீர்கள்.

நீங்கள் வாரிசு என்று நிரூபிக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அடுத்த கேள்வியின் பதிலைப் பாருங்கள்.

என் பக்கத்துத் தோட்டக்காரர் என் கிரயப் பத்திரத்தின் நகலை என்னைக் கேட்காமலே வாங்கிவிட்டார். இது சட்டப்படி சரியா?
— குந்தா வாசகர்

சரிதான். 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு, அசையாச் சொத்து ஆவணங்கள் அடங்கிய 1-ம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம், நகல் வாங்கலாம் என்கிறது. காரணம் கேட்கவும் இடமில்லை. ஒரு நிலத்தை வாங்க வருபவன் அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே பதிவு என்ற ஏற்பாடு. நகலை வைத்து அவர் உங்கள் நிலத்தை எதுவும் செய்துவிட முடியாது. எல்லைத் தகராறு இருந்தால் நீங்களும் அவருடைய பத்திர நகலை வாங்கி, இரண்டு பத்திரங்களிலும் எல்லை விபரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊரில் சண்டை பாதி அதிலேயே தெளிந்துவிடும்.

அம்மா எங்கள் அண்ணன் பெயருக்கு உயில் எழுதிப் பதிவு செய்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அம்மா நலமாக இருக்கிறார். அதன் நகலை நான் எடுக்கலாமா?
— அருவங்காடு வாசகி

இப்போது எடுக்க முடியாது. உயில்கள் 3-ம் புத்தகத்தில் இருக்கின்றன. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல். அவர் காலத்துக்குப் பிறகு, இறப்புச் சான்றோடு யார் விண்ணப்பித்தாலும் கொடுக்க வேண்டும். தேடுதலைப் பதிவு அலுவலரே செய்வார். நீங்கள் புத்தகத்தைப் புரட்ட முடியாது. வில்லங்கச் சான்றிலும் உயில் வராது என்பதால், வில்லங்கத்தில் இல்லை, ஆகவே உயில் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முத்திரையிட்ட உறையில் வைத்து ஒப்படைக்கும் உயில் வேறு வகை. அது மாவட்டப் பதிவாளரிடம் இருக்கும்.

அம்மாவையே கேட்டுவிடலாமே என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அது இந்தப் பகுதியின் எல்லைக்கு வெளியே.

கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவை விலை பேசியிருக்கிறோம். விற்பவரின் பத்திரத்தில் ‘1954-ல் சென்னையில் பதிவான கிரயத்தின்படி’ என்று இருக்கிறது. கொடைக்கானல் சொத்து எப்படிச் சென்னையில் பதிவானது? மோசடியா? நகல் எங்கே கிடைக்கும்?
— திண்டுக்கல் வாசகர்

சென்னையில் பதிவானது என்பதற்காகவே மோசடி என்று சொல்லிவிட முடியாது. கொடைக்கானல், ஊட்டி, குன்னூர் பங்களாக்களிலும் எஸ்டேட்களிலும் இதை எதிர்பார்க்க வேண்டும். சொத்து இருக்கும் இடத்துச் சார்பதிவாளரிடம் பதிவு செய்வது பொது விதி (பதிவுச் சட்டம், பிரிவு 28). ஆனால் 30-வது பிரிவின் 2-ம் உட்பிரிவு, சென்னை, பம்பாய், கல்கத்தா அடங்கிய மாவட்டங்களின் பதிவாளர்களும் டெல்லிப் பதிவாளரும் இந்தியாவில் எங்கிருக்கும் சொத்துக்கான ஆவணத்தையும் பதிவு செய்யலாம் என்று அப்போது அனுமதித்தது. கோடைக்கு மட்டும் மலைக்கு வரும் முதலாளிகளும், தலைமை அலுவலகத்தைப் பட்டணத்தில் வைத்திருந்த தோட்டக் கம்பெனிகளும் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2001-ல் வந்த திருத்தம் அந்த உட்பிரிவை நீக்கிவிட்டது.

இதிலிருந்து உங்களுக்குத் தேவையான விஷயம்: அப்படிப் பதிவான ஆவணத்தின் நகல் ஒன்றைச் சொத்து இருக்கும் மாவட்டத்தின் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும், அவர் அதைப் பற்றிய குறிப்பாணையைத் தமக்குக் கீழுள்ள சார்பதிவாளருக்கு அனுப்ப வேண்டும், அது 1-ம் புத்தகத்தில் கோக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே கொடைக்கானல் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1954, 1955 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் கைத்தேடல் போடுங்கள். குறிப்பாணை வந்து சேர நாளாகியிருக்கும், ஒரே ஆண்டோடு நிறுத்தாதீர்கள். கிடைத்தால் அது நல்ல அடையாளம். ஆனால் அங்கே கிடைப்பது சுருக்கக் குறிப்புதான். பத்திரத்தின் முழு வாசகமும் பதிவான சென்னை அலுவலகத்தில்தான் இருக்கும். நகல் விண்ணப்பத்தை அங்கே கொடுங்கள்.

குறிப்பாணை கொடைக்கானலில் இல்லை, சென்னையில் முழு ஆவணம் இருக்கிறது என்றால் அனுப்பும் வேலை எங்கோ விட்டுப்போயிருக்கலாம். இரண்டு இடத்திலும் இல்லையென்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சென்னையில் அலுவலகங்கள் பலமுறை பிரிக்கப்பட்டிருக்கின்றன. புதிய அலுவலகம் தொடங்கும்போது பழைய பதிவேடுகள் பெரும்பாலும் தாய் அலுவலகத்திலேயே தங்கிவிடும். முன் பத்திரத்தில் எந்த அலுவலகத்தின் முத்திரை இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, பழைய பத்திரத்தில் ‘மதுரை மாவட்டம்’ என்று இருந்தால் திடுக்கிட வேண்டாம். திண்டுக்கல் மாவட்டம் 1985-ல்தான் பிரிந்தது.

வில்பட்டி கிராமத்து நிலத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கினேன். பத்திரத்தில் ‘இத்துடன் இணைத்துள்ள வரைபடத்தில் சிவப்பு நிறத்தில் காட்டிய பகுதி’ என்கிறார்கள். நகலில் வரைபடமே இல்லை. ஒரு பக்கம் கறுப்பாக, படிக்க முடியாமல் இருக்கிறது.
— கொடைக்கானல் வாசகி

வரைபடத்தோடு வரும் ஆவணத்துக்கு அதன் சரியான நகலையும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே வரைபடம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஆனால் அது எழுத்துப் பக்கங்களோடு தைக்கப்படாமல் தனிக் கோப்பில் இருக்கக்கூடும். நகல் எடுப்பவர் வால்யூமில் உள்ள எழுத்துப் பக்கங்களை மட்டும் எடுத்துவிட்டு முடித்துக்கொள்வார். மறுபடி விண்ணப்பிக்கும்போது ‘ஆவணத்துடன் கோக்கப்பட்ட வரைபடத்தின் நகலும் தேவை’ என்று தனி வரியாக எழுதுங்கள். நகல் கறுப்பு வெள்ளையில் வந்தால் சிவப்பும் பச்சையும் ஒன்றாகிவிடும். அசல் வரைபடத்தை நேரில் பார்த்து, எந்தப் பகுதிக்கு எந்த நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பார்வையிடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கறுத்த பக்கத்துக்கு முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் ஸ்கேன் செய்ததில்தான் குறை. புத்தகம் நன்றாகவே இருக்கும். ‘கணினிப் படிமம் தெளிவாக இல்லை, மூலப் பதிவேட்டிலிருந்து நகல் வேண்டும்’ என்று எழுதிக் கொடுங்கள். மலையில் ஈரக் கசிவு பெரிய எதிரி; தாள் ஒட்டிக்கொண்டு, மை ஊறியிருந்தால் அலுவலரும் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது, இந்தத் தொகுதியில் இந்தப் பக்கம் சிதைந்துள்ளது என்று எழுத்துப்பூர்வமான பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் உதவாது.

கூடலூர் பக்கம் எங்கள் தாத்தா காலத்துப் பதிவுப் பத்திரம் மலையாளத்தில் இருந்ததாகச் சொல்கிறார்கள். நகல் மலையாளத்தில் வருமா? அது வந்தால் பட்டா வாங்கிவிடலாமா?
— பந்தலூர் வாசகர்

பதிவின்போது அந்த மொழி அந்த மாவட்டத்தில் வழக்கில் இருந்ததாகக் கருதப்பட்டதா என்பதைப் பொறுத்தது. கூடலூர் பகுதி 1877-ல்தான் மலபாரிலிருந்து நீலகிரிக்கு வந்தது. வழக்கில் இல்லாத மொழி என்று கருதினால், மொழிபெயர்ப்பும் நகலும் சேர்த்துக் கொடுத்தால்தான் பதிவு. அப்படிப் பதிவானதில் பதிவேட்டில் எழுதப்படுவது மொழிபெயர்ப்புதான். பின்னாளில் நகல் கேட்பவருக்கும் பதிவுச் சட்டத்தின் 62-வது பிரிவின்படி அந்த மொழிபெயர்ப்பையே மூலம் போலக் கருதிக் கொடுப்பார்கள். மலையாளப் பத்திரத்தைத் தேடிப் போய் வேறு மொழியில் வந்தால் ஆள் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆவண எண்ணையும் தேதியையும் சரிபாருங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்களுக்குப் பிடிக்காது. ஜன்ம நிலமாக, அதாவது ஜன்மி எனப்படும் பரம்பரை நில உடைமையாளருக்கு உரியதாக, இருந்தால் பத்திர நகல் மட்டும் பட்டா வாங்கித் தராது. கூடலூர் ஜன்ம எஸ்டேட்கள் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரி மாற்றச் சட்டம் 1969-ல் இயற்றப்பட்டு, 1974 நவம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு ஜன்மியிடமிருந்து வந்த உரிமை எல்லாம் அந்தச் சட்டத்தின்கீழ் தீர்வாகியிருக்க வேண்டும். தாத்தாவின் பத்திரம் கிரயமா, குத்தகையா, காணமா (முன்பணம் பெற்று நிலத்தை அனுபவிக்க விடும் மலபார் முறை) என்று நகலை வாங்கி முதலில் பாருங்கள். பிறகு அந்தப் புல எண்ணுக்கு நிலவரித் திட்ட அலுவலர் உத்தரவு ஏதும் இருக்கிறதா என்று வருவாய்த் துறையில் தேடுங்கள். அந்த ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-ன்கீழ் வரும் தோட்டக் குத்தகை நிலமாக இருந்தால் வழக்கறிஞரைப் பார்க்காமல் ஓரடியும் வைக்காதீர்கள். பதிவாகிவிட்டது என்பது ஒரு சம்பவத்துக்குச் சாட்சி. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஆன்லைனில் நகலுக்குப் பணம் கட்டினேன். வங்கிக் கணக்கில் பிடித்துவிட்டார்கள், ரசீது வரவில்லை. மறுபடி கட்டலாமா?
— குன்னூர் வாசகர்

உடனே கட்டாதீர்கள். பதிவுத் துறை இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போய், விண்ணப்பத்தின் நிலையைப் பாருங்கள். வங்கியிலிருந்து தகவல் வர நேரமாவதுண்டு. வங்கிப் பரிவர்த்தனை எண்ணையும் விண்ணப்ப எண்ணையும் குறித்து வையுங்கள். இரண்டும் இருந்தால்தான் அலுவலகத்தில் பேச முடியும்.

நகல் பி.டி.எஃப். ஆக வந்தால் அந்தக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். மின்கையொப்பம் கோப்பில்தான் இருக்கிறது, நீங்கள் எடுக்கும் பிரின்ட்டில் இல்லை. காகிதத்தைப் பார்ப்பவர் சரிபார்க்க க்யூ.ஆர். குறியீடு தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். மை தீர்ந்த பிரின்டரில் எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

நகல் வாங்கிக் கொடுத்தும் வங்கி கடன் தர மறுக்கிறது. சான்றிட்ட நகலுக்கு மதிப்பே இல்லையா?
— உதகை வாசகர்

மதிப்பு உண்டு, அதற்கு ஓர் எல்லையும் உண்டு. பதிவு அலுவலர் கையெழுத்தும் முத்திரையும் இட்ட நகல், அசல் ஆவணத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை நிரூபிக்க ஏற்கத்தக்கது என்று பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவே சொல்கிறது. நீதிமன்றத்தில் அது நிற்கும். வங்கியின் பயம் வேறு. அசல் பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைக்கும் முறையில், உங்கள் அசல் ஏற்கெனவே வேறெங்காவது ஈடாக உட்கார்ந்திருக்குமோ என்பதுதான் அவர்கள் சந்தேகம். எத்தனை நகல் கொடுத்தாலும் அந்தச் சந்தேகம் தீராது.

அசல் உண்மையிலேயே தொலைந்திருந்தால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்ற சான்று வாங்குங்கள். நாளிதழில் அறிவிப்பு கொடுங்கள். ஆவண எண், ஆண்டு, அலுவலகம், புல எண் நான்கும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை முழுதாக, தேதி தெரியும்படி வையுங்கள். கத்தரித்த துண்டை வங்கிகள் ஏற்பதில்லை. இவற்றோடு சான்றிட்ட நகலும் இன்றுவரையிலான வில்லங்கச் சான்றும் சேர்த்துக் கொடுத்தால் பேச்சுக்கு இடமிருக்கும்.

எங்கள் நிலம் பாட்டன் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கூர்ச்சீட்டு எழுதிப் பிரித்தது. அதன் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘இல்லை’ என்கிறார்கள். வேறு எங்கே கேட்பது?
— மன்னவனூர் வாசகர்

பதிவு செய்யாத கூர்ச்சீட்டுக்குப் பதிவேட்டில் இடமே இல்லை. ‘இல்லை’ என்ற பதில் சரியானது. பங்காளிகளில் யாராவது ஒருவர் வீட்டுப் பெட்டியில்தான் அது இருக்கும். அலுவலகத்தில் தேட வேண்டியது வேறு காகிதங்கள். பிரிவினைக்குப் பின் தனித்தனிப் பட்டா ஆகியிருந்தால், அந்தப் பட்டா மாறுதல் உத்தரவும் உட்பிரிவுக் கோப்பும் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். புலப்படத்தில் உட்பிரிவுக் கோடுகள் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கு முந்திய ‘அ’ பதிவேட்டில் பாட்டன் பெயர் மட்டும் இருந்து, பிந்தியதில் பங்காளிகள் பெயர் தனித்தனியாக வந்திருந்தால், எந்த ஆண்டு வாக்கில் மாறியது என்பது தெரிந்துவிடும். அந்த ஆண்டைக் குறிப்பிட்டு உத்தரவின் நகலைக் கேளுங்கள். ஆண்டு இல்லாமல் கேட்டால் கோப்பு கிடைக்கவில்லை என்ற பதில்தான் வரும்.